காலியாக விட்ட கட்டம்

ஜனவரி 11

அன்புள்ள ஊசி அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் வீட்டுக்காரரும் நலம்தானே. நம் ஆன்லைன் ப்ரோக்ராமிங் மன்றத்தில் தினமும் உங்கள் பதில்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் "அரட்டைப் பெட்டியில வந்து கொறிக்காதே, தேதி போட்டு, பேர் போட்டு ஒழுங்கா எழுது" என்று நீங்கள் அதட்டிய நாளிலிருந்து, உங்களுக்குக் கடிதம் எழுதினால்தான் எனக்குப் பேசின மாதிரி இருக்கிறது.

மன்றத்தின் புது விதி நிறைவேறிவிட்டது அக்கா. ஏஐ எழுதிக் கொடுத்ததைத் தன் பதில் என்று மன்றத்தில் போடுகிறவர்களின் கணக்கு இனிமேல் நிறுத்தி வைக்கப்படும். முதலில் கையைத் தூக்கியது நீங்கள்தான். அதனால் உங்கள் மூன்று கேள்விகளுக்குக் கீழேயே விதியையும் ஒட்டிவைத்துவிட்டேன். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது. இந்த மூன்றையும் எழுதாமல் "என் கோட் ஓடலை, ஹெல்ப்" என்று மொட்டையாகக் கேட்கிறவர்களின் கேள்வியை நான் இன்னமும் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். பூட்டு என்று பேர் வாங்கியாகிவிட்டது, இனி நல்லவனாகி என்ன ஆகப்போகிறது.

புகார் வந்தால் மாடரேட்டர்கள் நாங்கள் மூன்று பேரும் ஓட்டுப் போட வேண்டும். அதற்கு ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஆபீஸில்தான் தலைவலி. எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசிதாரர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும். அது இறந்துபோனவர்களுக்கும் போகிறது. நேற்று ஒரு அம்மா போன் செய்து, "எங்க வீட்டுக்காரருக்கு நூறு வயசு வாழணும்னு அனுப்பியிருக்கீங்களே, அவர் போய் வருஷம் ஆச்சேப்பா" என்று அழுதார். இறந்த தேதி இருக்கிறவர்களை விட்டுவிடு என்றுதான் எழுதியிருக்கிறேன். பிறகு எப்படிப் போகிறது? எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் போலிருக்கிறது.

வீட்டில் இவளுக்கு ஆஸ்பத்திரி வேலையில் ஷிப்ட் மாறிவிட்டது. மகளுக்குத் தலை பின்னுவது என் பொறுப்பு. பின்னலை விடப் பிறந்தநாள் வாழ்த்து சுலபம்.

உங்கள் காது எப்படி இருக்கிறது?

பாசத்துடன்,
பூட்டு

*

ஜனவரி 14

தம்பி பூட்டுக்கு,

நீ சொன்ன மூன்று கேள்வியில் இரண்டுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாய். மன்றத்தில் இப்படிக் கேட்டிருந்தால் உன்னை நீயே பூட்டியிருக்க வேண்டும். போகட்டும், என் தம்பியாகப் போய்விட்டாய்.

இறந்த தேதி தெரியாதவர்களுக்கு உங்கள் கிளை ஆபீஸில் என்ன செய்வார்கள் என்று யோசி. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஓரத்தில் "காலமானார்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உன் ப்ரோக்ராம் ஓரத்தைப் படிக்காது. கட்டம் காலி, ஆகவே ஆள் உயிரோடு இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளும். தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. காலியாக இருக்கிற கட்டத்தை நீயாக ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளாதே, யாரையாவது போய்க் கேள் என்று ப்ரோக்ராமுக்குச் சொல்லிக் கொடு.

காதைப் பற்றிக் கேட்டாய். இடது காது முழுசாகப் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் காட்டினார். சொன்னார் என்று எழுத எனக்கும் ஆசைதான். வலது காதில் மெஷின் வைத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்கிறது, அதுவும் வலது பக்கம் உட்கார்ந்தால்.

குடோனில் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. லாரி பார்ட்ஸ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்ல என் ப்ரோக்ராம் இருக்கிறது, அதற்குக் காது வேண்டாம். மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போதுதான் கஷ்டம். முன்பெல்லாம் ஒரு தடவை சொன்னதை எனக்காக மறுபடி சொல்வார்கள். இப்போது எல்லாரும் சிரித்த பிறகு நான் "என்ன, என்ன" என்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, விடுங்க" என்கிறார்கள். நானும் விட்டுவிடுகிறேன். மன்றத்தில் யாரும் என்னிடம் "விடுங்க" என்று சொன்னதில்லை. அங்கே எனக்கு இரண்டு காதும் கேட்கிறது தம்பி. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருக்கிற அரட்டை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

வீட்டுக்காரர் உன்னை விசாரித்தார். லிப்ட் ரிப்பேர் பார்க்கப் போன இடத்தில் உள்ளேயே மாட்டிக்கொண்டாராம். "மெக்கானிக்கே மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடறது" என்று அந்தக் கட்டிடமே வேடிக்கை பார்த்ததாம்.

மகளுக்கு இரட்டைப் பின்னல் வேண்டாம், ஒற்றையே போடு.

வேலை செய்யலைன்னா என்னைத் திட்டிட்டுத் திரும்ப வா.

அக்கா,
ஊசி

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தடவை அழித்துவிட்டேன். பிறந்தநாள் வாழ்த்து சரியாகிவிட்டது, நீங்கள் சொன்னதுதான் காரணம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மன்றத்தில் சல்லடை என்று ஒரு பையன் புதிதாகச் சேர்ந்திருக்கிறானே, அவன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறான். பதில்களை ஏஐயின் பதில்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, எது ஏஐ எழுதியது என்று சலித்து எடுக்குமாம். அதில் முதல் பேராக உங்கள் பேர் வந்திருக்கிறது. புகாராகக் கொடுத்துவிட்டான்.

நான் சிரித்தேன் அக்கா. சத்தியமாகச் சிரித்தேன். "போடா, ஊசி அக்கா ஏஐ வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்து இப்படித்தான் எழுதறாங்க" என்றேன். "அப்ப பழைய பதில்களைக் காட்டுங்க" என்றான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நாம் சர்வர் மாற்றினபோது பழைய பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி விழுந்துவிட்டது ஞாபகம் இருக்கிறதல்லவா. மன்றமே ஒரே நாளில் பிறந்து வளர்ந்து பேசி முடித்த மாதிரி. அதைச் சொல்லி வருஷா வருஷம் கேலி செய்வோமே. இப்போது அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு எதையும் காட்ட முடியவில்லை. அந்தத் தேதிக்கு முன்பே ஏஐ வந்துவிட்டதே என்கிறான்.

சரி, நானே பார்க்கிறேன் என்று ஏஐயிடம் என் பிறந்தநாள் வாழ்த்துச் சிக்கலைக் கேட்டேன். அது சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு." கடைசியில், எந்தப் பதிலுக்கும் நீங்கள் போடுகிற அதே முடிவு வரி: "வேலை செய்யவில்லை என்றால் என்னைத் திட்டிவிட்டுத் திரும்ப வாருங்கள்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து ஆபீஸ் வராந்தாவில் நடந்தேன். கூட வேலை பார்க்கிறவர், "என்னப்பா, மறுபடியும் செத்தவங்களுக்கு வாழ்த்து போச்சா" என்றார். 

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் எனக்கு எழுதினீர்களே, அந்தக் கடிதத்தை நீங்கள்தான் எழுதினீர்களா?

"நான் ஏஐ பயன்படுத்தவில்லை" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள் போதும். பழைய பதில்களின் பிரதி ஏதாவது உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். மற்ற இரண்டு மாடரேட்டர்களிடமும் காட்டி இதை முடித்துவிடுகிறேன்.

குழப்பத்துடன்,
உங்கள் தம்பி பூட்டு

*

பிப்ரவரி 23

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் போய் அந்த ஏஐயிடம் கேட்டுப் பார்த்தேன். லூப் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது என்று கேட்டேன். நான் சொல்வதைத்தான் சொன்னது. நான் அதட்டுகிற இடத்தில் அதட்டியது. நம் வீட்டுக் கொடியில் காய்ந்த புடவையை யாரோ கட்டிக்கொண்டு கடைத்தெருவில் போகிற மாதிரி இருந்தது எனக்கு. நம்முடையதுதான், ஆனால் கையைப் பிடித்து "கழட்டு" என்று சொல்லவும் முடியாது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "நீ எழுதினதுதானே இது? ஆனா ஏன் இவ்ளோ மரியாதையா பேசறே" என்றார்.

உட்கார்ந்து யோசித்தேன். நம் மொழியில் கோட் பற்றி இத்தனை வருஷமாக வளவளவென்று எழுதினது யார்? நாலைந்து பேர். அதில் பாதிப் பேர் கல்யாணம், வேலை என்று போய்விட்டார்கள். மிச்சம் நான்தான் கை வலிக்க வலிக்க எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மெஷின் வேறு யாரைப் படித்துப் பேசக் கற்றுக்கொண்டிருக்கும்? இப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் காட்டு என்றால் எதைக் காட்டுவது? பதிலை நான் நேராக மன்றத்தில்தான் தட்டுவேன், பிரதி எடுத்து வைத்ததில்லை. பேசினதையெல்லாம் யாராவது பிரதி எடுத்து வைப்பார்களா.

வேடிக்கையைக் கேள். இரண்டு நாளாக வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். அதட்டாமல், கடைசி வரி போடாமல், எழுத்துப் பிழையெல்லாம் வேண்டுமென்றே விட்டு. ஒரு பெண் வந்து, "அக்கா, உடம்பு சரியில்லையா" என்று கேட்டாள். சொந்த வீட்டுக்குள் பூனை மாதிரி நடக்கிறேன். ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், இதை மெஷின் சொல்லுமா என்று யோசிக்கிறேன். அதைவிட மோசம், இதை நான் சொல்வேனா என்றும் யோசிக்கிறேன். எனக்கே நான் யார் மாதிரி என்று தெரியாமல் போய்விட்டது.

அது இருக்கட்டும். ஜனவரிக் கடிதத்தை நான்தான் எழுதினேனா என்று கேட்டிருக்கிறாய். அதில் என் இடது காது இருந்தது. குடோன் சாப்பாடு இருந்தது. வேறு யாரிடமும் சொல்லாததை வெட்கத்தைவிட்டு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீ இந்தக் கேள்வியைக் கேட்கிறாய்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை மற்ற இருவருக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். சல்லடைக்கும் எழுதிவிட்டேன், அவனுக்கு என்னைத் தெரியாது. உனக்கு எழுத மாட்டேன்.

அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்கா,

உங்கள் கோபம் நியாயம். நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஆனால் நான் ஒரு மாடரேட்டர். உங்களை எனக்குப் பிடிக்கும் என்பதற்காக ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி என்று இருக்க முடியுமா? "உங்க அக்கான்னா மட்டும் கண்ணை மூடிக்குவீங்களா" என்று சல்லடை எல்லார் முன்னாலும் கேட்டான்.

நேற்று ஓட்டெடுப்பு. நான் உங்களுக்கு எதிராக ஓட்டுப் போடவில்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். ஆதரவாகவும் போடவில்லை. என் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். வேண்டியவன் ஓட்டுப் போட்டான் என்று நாளைக்கு யாரும் உங்களைச் சொல்லக் கூடாது என்றுதான். மற்ற இருவரில் ஒருவர் புகார் சரி என்றார், ஒருவர் இல்லை என்றார். சரிக்குச் சரி. அப்படியென்றால் புகார் தள்ளுபடியாகியிருக்க வேண்டும் அல்லவா?

காலையில் வந்து பார்க்கிறேன், உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது. உங்கள் பேருக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் நிறப் பட்டை. எப்படி என்றே தெரியவில்லை. உடனே எடுத்துவிடலாம் என்று கையை வைத்தேன். நானே போய் எடுத்தால் என்ன பேசுவார்கள் என்று கையை எடுத்துவிட்டேன். ஓட்டெடுப்பில் வந்ததை நான் தனியாக மாற்றினால் முறையாக இருக்காது. இது தற்காலிகம்தான். விசாரித்து முடிக்கிறவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவள் கேட்டாள், "உங்களுக்கு என்னதான் தோணுது, அவங்க எழுதினாங்களா இல்லையா?" மகளுக்குப் போட்ட பின்னலைப் பிரித்து மறுபடி போட ஆரம்பித்தேன்.

உங்கள் தம்பி,
பூட்டு

*

மார்ச் 7

மதிப்பிற்குரிய மாடரேட்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் கணக்கு எப்படி நிறுத்தப்பட்டது என்று புரியவில்லை என எழுதியிருந்தீர்கள். ஓட்டெடுப்பு ப்ரோக்ராமை எழுதியவர் நீங்கள். காலியாக விட்ட கட்டத்தை அது என்னவாக எடுத்துக்கொள்கிறது என்று திறந்து பாருங்கள். இது பற்றி ஜனவரியில் ஒருவருக்கு எழுதியிருந்தேன். எழுதியது யார் என்பதில் தங்களுக்குச் சந்தேகம் இருப்பதால் அதை இங்கே மேற்கோள் காட்டவில்லை.

கணக்கை நிரந்தரமாக மூடிவிடவும். பதில்களை அழிக்க வேண்டாம். யாருக்காவது உபயோகப்படும்.

இப்படிக்கு,
முன்னாள் உறுப்பினர்

*

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

நல்ல செய்தி. ஓட்டமும் நடையுமாக வந்து இதை எழுதுகிறேன்.

மன்றத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி இருக்கிறாளே, உடம்பு சரியில்லையா என்று உங்களைக் கேட்டவள். நீங்கள் இல்லாததால் ஒரு சந்தேகத்தை ஏஐயிடம் கேட்டிருக்கிறாள். நீளமான பட்டியலில் ஒன்றைத் தேடுவது எப்படி என்று. அது சொன்ன பதிலை அப்படியே படம் பிடித்து மன்றத்தில் போட்டாள். நீங்களே படியுங்கள்: "முதல் அலமாரியிலிருந்து கடைசி அலமாரி வரை ஒவ்வொன்றாகத் தேடாதீர்கள். எங்கள் குடோனில் நான் இப்படித்தான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஸ்குரு தேடுகிற மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சிரித்தார்கள்."

கீழே அந்தப் பெண் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். "ஏஐக்கு ஏதுங்க வீட்டுக்காரர்?"

மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது. "அவர் என்ன வேலை பாக்கறாராம்," "ரேஷன் கார்டுல பேர் இருக்கா" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சிரித்து முடித்த பிறகுதான், அந்தக் குடோனும் வீட்டுக்காரரும் உங்கள் பழைய பதில்களில் வருகிறவை என்று ஒவ்வொருவருக்கும் உறைத்தது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று இதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா? சல்லடை எல்லார் முன்னாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பெரிதாக எழுதியிருக்கிறான். ஸ்கிரிப்டையும் அழித்துவிட்டான். மறுபடி ஓட்டெடுத்தோம். மூன்று பேரும் "இல்லை" என்றோம். நானும்தான். உங்கள் கணக்கு அப்படியே இருக்கிறது, நான் மூடவில்லை. சாம்பல் பட்டையை எடுத்துவிட்டேன்.

எல்லாம் தெளிவாகிவிட்டது அக்கா. எப்போது வருகிறீர்கள்? எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறோம்.

மகிழ்ச்சியுடன்,
உங்கள் பூட்டு

*

மே 2

அன்புள்ள அக்கா,

பதில் வரவில்லை. முதலில் ஊருக்கு எங்காவது போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். பிறகு காதுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தேன். அதற்கும் பிறகுதான், என் மார்ச் கடிதத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். எனக்கே கூசியது. பரீட்சையில் பாஸாகிவிட்டீர்கள், வாருங்கள் என்று உங்களுக்கே எழுதியிருக்கிறேன்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் எழுதத் தெரியாதவர்களுக்காக நீங்கள் ஒட்டிவைத்த மூன்று கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். மொட்டையாகக் கேட்டால் பூட்டு விழும் அல்லவா.

என்ன செய்தேன்: ஒரு மெஷினின் பதிலையும் உங்கள் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்த இரண்டு வரிகளை மட்டும் படித்தேன். காது, குடோன் சாப்பாடு, லிப்டில் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர், என் மகளின் ஒற்றைப் பின்னல் எல்லாம் அதே கடிதத்தில்தான் இருந்தன. அதையெல்லாம் படிக்கவில்லை. பிறகு உங்களிடம் ஆதாரம் கேட்டேன். ஓட்டுப் போட வேண்டிய நாளில் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

என்ன நடக்கும் என்று நினைத்தேன்: காலியாக விட்டால் யார் பக்கமும் சேராமல் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உங்களுக்கும் நல்லவன், மன்றத்துக்கும் நல்லவன்.

என்ன நடந்தது: ப்ரோக்ராமைத் திறந்து பார்த்தேன். "இல்லை" என்று சொல்லாத எல்லாரையும் "ஆம்" என்று எடுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறேன். எழுதியது நான்தான், அதற்கு வேறு யாரையும் சந்தேகப்பட முடியாது. நீங்கள் ஜனவரியில் சொன்னதைக் கேட்டு ஆபீஸில் இதே தப்பைத்தான் திருத்தினேன். என் வீட்டுத் தப்பை எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் கணக்கை நிறுத்தியது சல்லடை இல்லை அக்கா. என் காலிக் கட்டம்தான்.

ப்ரோக்ராமை மட்டும் குறை சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கடிதத்தை நீங்கள்தான் எழுதினீர்கள் என்று எனக்கு உள்ளூரத் தெரியும், சூழ்நிலைதான் அப்படி ஆக்கிவிட்டது என்று எழுதலாமா என்று பார்த்தேன். அது பொய். எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. தெரியவில்லை என்றால் உங்களை வந்து பார்த்திருக்க வேண்டும். இல்லை என்று எடுத்துக்கொண்டு விலகி நின்றேன்.

மன்றத்தில் ஆட்கள் வருகிறார்கள், கேட்கிறார்கள், போகிறார்கள். நேற்று ஒரு சிக்கலில் மாட்டி, வேறு வழியில்லாமல் ஏஐயிடம் கேட்டேன். நன்றாகத்தான் சொன்னது. கடைசியில், திட்டிவிட்டுத் திரும்ப வாருங்கள் என்றது. அதற்குமேல் என்னால் அந்தத் திரையைப் பார்க்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. மகள் வந்து, "அப்பா, அது உங்களைத் திட்டிச்சா" என்று கேட்டாள்.

வேலை செய்யவில்லை அக்கா. திரும்ப வந்திருக்கிறேன். திட்ட வேண்டியது நீங்கள்தான்.

பூட்டு

*

மே 9

டேய் முட்டாள்,

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன். ஆதாரம் வந்த பிறகு நம்புவதற்கு நீ எதற்கு? அதற்குச் சல்லடையே போதுமே. அவனாவது தெரியாத ஆளைச் சந்தேகப்பட்டான். நீ தெரிந்த ஆளைச் சந்தேகப்பட்டுவிட்டு, "நல்ல செய்தி" என்று ஓட்டமும் நடையுமாக வருகிறாய். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினவள்தான். வீட்டுக்காரர் ஒரு வாரம் என் பக்கத்திலேயே வரவில்லை. மெஷினுக்கும் தான்தான் புருஷன் என்று தெரிந்ததில் அவருக்கு மட்டும் கொஞ்சம் பெருமை.

திட்டி முடித்துவிட்டேன். இவ்வளவுதான் வருகிறது. மே மாதக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்று கேள்விக்கும் முழுசாகப் பதில் எழுதியிருக்கிறாய், இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. தெரியவில்லை என்று எழுதினாய் பார், அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. உள்ளூரத் தெரியும் என்று பூசி மெழுகியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

இந்த இரண்டு மாதம் எனக்கு எப்படிப் போனது என்று சொல்கிறேன். யாரோடும் பேசவில்லை. குடோனில் மதியம் தனியாகச் சாப்பிட்டேன். ஒரு நாள், "என்ன சொன்னே, மறுபடி சொல்லு" என்று பக்கத்தில் இருந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மாட்டேன் என்றேன். பயந்துபோய் எழுந்து என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து சொன்னாள். மேனேஜரின் பல்செட் பற்றி ஏதோ ஒரு மொக்கை ஜோக். அதற்கு நான் சிரித்த சிரிப்பில் அவளே மிரண்டுவிட்டாள். இப்போது தினமும் அந்தப் பக்கம்தான் உட்காருகிறாள்.

மன்றத்துக்கு வருவேனா என்று கேட்காதே. தெரியவில்லை. தெரியவில்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. வருவேன் என்றும் எடுத்துக்கொள்ளாதே. கட்டம் காலியாகவே இருக்கட்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் இனிமேல் நான் எழுதப்போவதில்லை. அது ஊர்ப் பொது ஆகிவிட்டது, மெஷினே வைத்துக்கொள்ளட்டும்.

சந்தேகம் வந்தால் இனிமேல் எனக்குக் கடிதம் எழுதிக் கேட்காதே. ரயில் ஏறி வா. மகளையும் கூட்டிக்கொண்டு வா, பின்னல் நான் போட்டு அனுப்புகிறேன். ஸ்டேஷனுக்கு வீட்டுக்காரர் வருவார்.

வந்தால் என் வலது பக்கம் உட்கார்.

அக்கா